சொந்தக் கையால் பழுது பார்த்த காரில் புதுச் சத்தமா? எங்கே தொடங்கி எப்படித் தேடுவது

"அண்ணே, நேத்துதான் பிரேக் பேட் மாத்தினேன். இன்னைக்கு காலையில எடுத்தா முன்னாடி கடகடங்குது. லிங்க் ராடும் போயிருக்குமோ?"

எங்கள் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தில் ஞாயிறு கழிந்த திங்கட்கிழமைகளில் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். கேட்பவர் பாதி நேரம் அடுத்த உதிரிபாகத்தை ஆர்டர் செய்துவிட்டே வந்திருப்பார். அதையும் மாட்டுவார், சத்தம் போகாது. இப்போது இரண்டு வேலைகள் பிரிந்து கிடக்கும், எந்த வேலையால் எது வந்தது என்று அவருக்கும் தெரியாது, பார்ப்பவருக்கும் தெரியாது.

நேற்று வரை இல்லாத சத்தம் இன்று வந்தால், அது பெரும்பாலும் நேற்று உங்கள் கை பட்ட இடத்தில்தான் இருக்கும். புதுப் பொருள் வாங்குவதற்கு முன் கை போன வழியே திரும்பி வர வேண்டும். இந்த வழிகாட்டி அந்த வரிசையைச் சொல்கிறது. முன்சக்கர இயக்கம் கொண்ட சிறிய கார்களில் வீட்டில் செய்யும் வேலைகளை, அதாவது பிரேக் பேட், லிங்க் ராடு (ஸ்டெபிலைசர் கம்பியைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் சிறு தண்டு), லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியின் அடியோடு இணைக்கும் கை), பானெட்டுக்குள் செய்யும் சாதாரண சர்வீஸ் ஆகியவற்றை, மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

1. ஓட்டலாமா, கூடாதா: முதலில் இதை முடிவு செய்யுங்கள்

சத்தம் என்ன என்று ஓட்டிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் வண்டியை நகர்த்தாதீர்கள்.

பிரேக் பெடல் வழக்கத்தைவிடக் கீழே போகிறது அல்லது பஞ்சு மாதிரி அமுங்குகிறது. பேட் மாற்றும்போது, பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பரின் பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பீர்கள். அது மறுபடி வெளியே வந்து பேடைத் தொடும் வரை முதல் சில மிதிகள் வெறுமையாகத்தான் போகும். அதனால் சாவி போட்டதும் வண்டி நின்ற நிலையிலேயே பெடல் கெட்டியாகும் வரை மிதிக்க வேண்டும். கெட்டியாகவே இல்லை என்றால் காற்றோ கசிவோ இருக்கிறது.

மெதுவாகப் போகும்போது "டொக்... டொக்" என்று கேட்டு, வேகம் கூடக் கூடச் சத்தமும் கூடி, ஸ்டீயரிங்கும் ஆடுகிறது. இது வீல் நட் தளர்ந்த சத்தம். புதிதாகச் செய்பவர்கள் நட்டின் கூம்புப் பக்கத்தை வெளியே பார்க்க மாட்டிவிடுவதும் உண்டு. கூம்பு சக்கரத்தின் குழிக்குள் உட்கார வேண்டும். தட்டைப் பக்கம் உள்ளே போனால் எவ்வளவு முறுக்கினாலும் நிற்காது.

பிரேக் மிதித்தால் இரும்பும் இரும்பும் அரைபடுகிற சத்தம் வருகிறது. பேடைத் திருப்பி, இரும்புத் தகடு டிஸ்க்கைப் பார்க்க மாட்டியவர்களை நேரிலேயே பார்த்திருக்கிறேன். அப்படி 1 கிலோமீட்டர் ஓடினாலே டிஸ்க்கில் கோடு விழுந்துவிடும்.

ஆயில் மாற்றிய பின் ஆயில் விளக்கு அணையவில்லை. புது ஃபில்டர் நிரம்பும் வரை ஓரிரு நொடி லொடலொடவென்று கேட்பது இயல்பு. விளக்கு சில நொடிக்கு மேல் எரிந்தால் உடனே இன்ஜினை நிறுத்துங்கள்.

ஒரு சக்கரத்திலிருந்து மட்டும் கருகிய வாடை வருகிறது, அல்லது அதன் அருகில் கை கொண்டுபோனாலே அனல் அடிக்கிறது. பிரேக் பிடித்தபடியே இருக்கிறது என்று பொருள். டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்காதீர்கள், தோல் போய்விடும்.

இவை எதுவும் இல்லை என்றாலும், வீல் நட்டை டார்க் ரெஞ்ச் (சொன்ன அளவு விசைக்கு மட்டும் முறுக்க உதவும் ஸ்பேனர்) வைத்து ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும். பெரும்பாலான சிறிய கார்களுக்கு 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை சொல்வார்கள். உங்கள் வண்டிக்கான சரியான எண் கையேட்டில் இருக்கும். ஒரு நட்டை முறுக்கியதும் பக்கத்து நட்டுக்குப் போகாமல் எதிர் நட்டுக்குப் போங்கள். பக்கம் பக்கமாக முறுக்கினால் சக்கரம் சாய்ந்தே உட்காரும்.

2. கையில் இருக்க வேண்டியவை

ஜாக்கி, 2 ஜாக்கி ஸ்டாண்டு, பின்சக்கரத்துக்கு அண்டை கொடுக்கக் கட்டையோ கல்லோ, டார்க் ரெஞ்ச், நல்ல டார்ச், சாக்பீஸ் அல்லது வெள்ளைப் பெயிண்ட் பேனா, போன், ஒரு நோட்டு. கூட ஓர் ஆள். பெடல் மிதிக்கவும் ஸ்டீயரிங் திருப்பவும் ஒருவர் இருந்தால், காதை நீங்கள் சத்தத்தின் பக்கம் வைக்கலாம். தனியாகச் செய்பவர்களுக்குப் பாதி நாள் இதில்தான் வீணாகிறது.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்காதீர்கள். ஸ்டாண்டு இல்லை என்றால் அடியில் போகும் படிகளை அன்று செய்ய வேண்டாம்.

புது உதிரிபாகம் எதுவும் இந்தக் கட்டத்தில் தேவையில்லை. அது வீட்டில் இருந்தால் மாட்டிப் பார்க்கத் தோன்றும்.

3. தொட்டதையெல்லாம் எழுதுங்கள்

நோட்டை எடுத்து, நேற்று கழற்றியதை வரிசையாக எழுதுங்கள். "பேட் மாற்றினேன்" என்று எழுதினால் போதாது. வீல் கவர், வீல் நட், காலிப்பர் போல்ட், பிராக்கெட் போல்ட், கைடு பின் (காலிப்பர் வழுக்கி நகரும் தண்டு), பேட், கிளிப், ஷிம் (பேடின் முதுகில் இருக்கும் மெல்லிய தகடு), பிரேக் ஹோஸ் கிளிப், ஏபிஎஸ் வயரைப் பிடித்திருக்கும் சின்னத் தாங்கி, பிரேக் ஆயில் மூடி. இப்படி ஒவ்வொன்றாக எழுத வேண்டும்.

பழுதுக்குச் சம்பந்தமில்லாமல் தொட்டதும் பட்டியலில் வர வேண்டும். ஜாக்கி எடுக்க டிக்கியைத் திறந்திருப்பீர்கள், ஸ்டெப்னியை அசைத்திருப்பீர்கள், கை நுழைய ஏர் ஃபில்டர் பெட்டியைத் தளர்த்தியிருப்பீர்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்: டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கினேன், கையால் முறுக்கினேன், நினைவில்லை. "நினைவில்லை" என்று எழுதிய வரிகளில் நட்சத்திரம் போட்டுக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நான் முதன்முதலில் என் வண்டிக்குப் பேட் மாற்றியபோது வேலை முழுக்க முன்சக்கரத்தில்தான். மறுநாள் பின்பக்கத்திலிருந்து கடகடவென்று சத்தம். பின்பக்கத்தை நான் தொடவேயில்லை என்று உறுதியாக நம்பினேன். இரண்டு மாலை பின் ஷாக் அப்சார்பரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் டிக்கியில் ஜாக்கி தன் இடத்தில் தளர்ந்து கிடந்தது. பல சிறிய கார்களில் ஜாக்கியை அதன் இடத்தில் வைத்து, அதன் திருகையே சற்றுத் திருப்பி விரித்து இறுக்க வேண்டும். நான் வைத்ததோடு சரி, இறுக்கவில்லை. அன்றே ஒரு பட்டியல் எழுதியிருந்தால் "ஜாக்கி" என்ற சொல்லே விடையைக் காட்டியிருக்கும்.

4. டிக்கியையும் உள்பக்கத்தையும் காலி செய்யுங்கள்

இது 10 நிமிட வேலை, ஸ்பேனர் தேவையில்லை. அதனால் முதலில் வருகிறது. ஜாக்கி, கைப்பிடி, ஸ்பேனர், தண்ணீர் பாட்டில், குடை, கதவுப் பையில் இருக்கும் சில்லறை வரை எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். ஸ்டெப்னியின் நடுத் திருகை இறுக்குங்கள். பானெட்டைத் திறந்து, விட்டுவிட்ட சாக்கெட், துணி, டார்ச் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். 10 மி.மீ. சாக்கெட் காணாமல் போயிருந்தால் இன்ஜின் அடித்தட்டில் தேடுங்கள். பிறகு அதே சாலையில் ஒருமுறை ஓட்டுங்கள்.

5. சத்தத்தைப் பிடியுங்கள்

"முன்னாடி ஏதோ சத்தம்" என்பதை வைத்துக்கொண்டு தேட முடியாது. அது எப்போது வருகிறது, எதனால் மாறுகிறது என்பதே முக்கியம். எந்தப் பக்கம் என்ற முடிவை மட்டும் காதை நம்பி எடுக்காதீர்கள். உடல்தகடு வழியே சத்தம் பயணிக்கும், இடப்பக்க லிங்க் ராடு அடிப்பது வலப்பக்கக் காலடியில் கேட்கும்.

ஆளில்லாத, மேடுபள்ளம் கொஞ்சம் உள்ள ஒரு தெருவைத் தேர்ந்தெடுங்கள். எல்லாச் சோதனையும் அங்கேயேதான். சாலை மாறினால் சத்தமும் மாறும், ஒப்பிட முடியாது. கண்ணாடியை இறக்கி, ஏசியையும் பாட்டையும் நிறுத்தி, போனில் பதிவு செய்யும் வேலையைக் கூட இருப்பவரிடம் கொடுங்கள். ஓட்டுபவர் ஓட்ட மட்டும் வேண்டும்.

முதல் கேள்வி: சத்தம் சக்கரத்தோடு வருகிறதா, இன்ஜினோடு வருகிறதா? 30 கிலோமீட்டர் வேகத்தில் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து வண்டியை உருள விடுங்கள். இன்ஜினை அணைக்கக் கூடாது. அணைத்தால் பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் உதவி போய்விடும், சாவியைத் திருப்பினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். உருளும்போதும் அதே வேகத்துக்கு அதே சத்தம் கேட்டால் சக்கரப் பக்கம். நின்ற இடத்தில் ஆக்சிலேட்டர் கொடுத்தாலே கேட்டால் இன்ஜின் பக்கம்.

இரண்டாவது: "டக் டக்" என்று தாளமாக வந்தால் எண்ணுங்கள். 165/80 ஆர்14 டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.95 மீட்டர் உருளும். 20 கிலோமீட்டர் வேகத்தில் 10 நொடிக்கு ஏறத்தாழ 28 சுற்று. நீங்கள் எண்ணியது 28க்குப் பக்கத்தில் இருந்தால், சக்கரம் ஒருமுறை சுற்ற ஒருமுறை எதுவோ தட்டுகிறது. டயர் பட்டையில் சிக்கிய கல், சரியாக மாட்டாத வீல் கவர், நெளிந்த டிஸ்க் இவற்றை முதலில் பார்க்க வேண்டும். அதைவிடப் பல மடங்கு வேகமாக, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது மட்டும் "டக்டக்டக்" வந்தால், இன்ஜின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட்டின் வெளி மூட்டு.

மூன்றாவது: கடகடவென்று மேடுபள்ளத்தில் கேட்கும்போது பிரேக்கை லேசாகத் தொட்டபடி அதே இடத்தில் போங்கள். சத்தம் சட்டென்று நின்றால் பேடோ காலிப்பரோதான் ஆடுகிறது. பிரேக் பிடித்ததும் ஆட இடமில்லாமல் போவதால் நிற்கிறது. எனக்குத் தெரிந்த சோதனைகளில் இவ்வளவு தெளிவாகப் பதில் சொல்வது வேறில்லை. இதை விட்டுவிட்டுச் சஸ்பென்ஷனைக் கழற்றுபவர்கள்தான் அதிகம்.

நான்காவது: ஸ்பீடு பிரேக்கரை ஒருமுறை நேராகவும் ஒருமுறை சாய்வாகவும் ஏறுங்கள், மிக மெதுவாக. இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினால், இரு பக்கத்தையும் இணைத்து வண்டி சாயாமல் தடுக்கும் ஸ்டெபிலைசர் கம்பிக்கு அதிக வேலையில்லை. ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக ஏறும்போதுதான் அது முறுகி லிங்க் ராடை இழுக்கும். சாய்வில் மட்டும் "டக்" என்றால் லிங்க் ராடு பக்கம் பாருங்கள்.

ஐந்தாவது: வேகத்தோடு ஏறுகிற "ஊ..." என்ற ஓசை. அகலமான இடத்தில் மெல்ல இடமும் வலமும் வளையுங்கள். வலப்பக்கம் வளையும்போது எடை இடச் சக்கரத்துக்குப் போகும். அப்போது ஓசை கூடினால் இடப்பக்க வீல் பேரிங்கைச் சந்தேகிக்கலாம்.

ஐந்துக்கும் பதிலை நோட்டில் எழுதுங்கள். பட்டியலில் நட்சத்திரம் போட்ட ஒன்றோடு இவற்றில் ஏதாவது பொருந்தினால் பெரும்பாலும் விடை அதுதான்.

6. நின்ற இடத்தில் பார்க்க வேண்டியவை

ஓட்டிப் பார்த்த பிறகு இதற்கு வர வேண்டும். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்து அசைத்தால்தான் சின்ன ஆட்டமும் கைக்குத் தெரியும்.

சமதரையில் ஹேண்ட் பிரேக் போட்டு, முன் மூலையை உடல் எடை கொடுத்து அழுத்தி விடுங்கள். கீச்சென்று ரப்பர் முனகினால் புஷ் (ஆர்மின் மூட்டில் இருக்கும் ரப்பர் உருளை), டக்கென்றால் தளர்ந்த நட். உதவிக்கு வந்தவரை ஸ்டீயரிங்கை இடமும் வலமும் திருப்பச் சொல்லி, ஷாக் அப்சார்பரின் மேல்முனை அருகே காதை வையுங்கள். "டொய்ங்" என்று சுருள் துள்ளுகிற சத்தம் வந்தால் ஸ்பிரிங் தன் இருக்கையில் சரியாக உட்காரவில்லை, அல்லது மேலே உள்ள பேரிங் இறுகிவிட்டது.

பிறகு பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். இன்ஜின் அணைந்திருக்க, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். சக்கரத்தைக் கடிகாரம் என்று வைத்துக்கொண்டு 12லும் 6லும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் உதவியாளரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் போய்விட்டால் வீல் பேரிங், அப்படியே இருந்தால் பால் ஜாயின்ட் (லோயர் ஆர்மின் நுனியில் இருக்கும் பந்துமூட்டு). 9லும் 3லும் மட்டும் ஆடினால், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் முனை.

எல்லாவற்றையும் எதிர்ச் சக்கரத்திலும் செய்யுங்கள். "இவ்வளவு ஆட்டம் இருக்கலாமா?" என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில், அடுத்த பக்கத்தை ஆட்டிப் பாருங்கள் என்பதுதான். கை படாத பக்கம்தான் உங்கள் அளவுகோல்.

7. எந்த வேலைக்கு எந்தச் சத்தம்

பிரேக் பேட்

வீட்டு வேலைகளில் அதிகம் சத்தம் எழுப்புவது இதுதான். காரணங்களும் அதிகம், எளியதிலிருந்து வருகிறேன்.

பிரேக் மிதிக்காமலே சக்கரத்தோடு "சரக் சரக்" என்று உரசினால் டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய தூசித் தகட்டைப் பாருங்கள். காலிப்பரைத் தூக்கி ஒதுக்கும்போது அது வளைந்துவிடும். விரலால் 2, 3 மி.மீ. வெளியே இழுத்தால் போதும். தகட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே ஒரு சிறு கல் மாட்டினாலும் காதைக் கிழிக்கும் சத்தம் வரும். தெருவே திரும்பிப் பார்க்கும், பழுது மட்டும் ஒன்றுமே இருக்காது.

தகடு சரி, ஆனாலும் உரசுகிறது என்றால் டிஸ்க்கின் வெளி விளிம்பைப் பாருங்கள். பழைய பேட் படாத ஓரத்தில் துரு ஏறி ஒரு வரம்பு எழும்பியிருக்கும். புதுப் பேட் அதன் மேல் ஏறி உரசும்.

லேசாகப் பிரேக் தொட்டதும் நிற்கிற கடகட சத்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் கிளிப். பேட்டின் காதுகள் உட்காரும் இடத்தில் மெல்லிய எஃகுக் கிளிப்புகள் இருக்கும். பழையதையே போட்டால் இழுவிசை போயிருக்கும். சில நேரம் பழைய பேடோடு சேர்த்துக் குப்பையில் போட்டிருப்பார்கள். குப்பைக் கூடையைப் பார்த்துவிட்டுச் சக்கரத்தைக் கழற்றுங்கள்.

கைடு பின்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பல காலிப்பர்களில் மேல் பின்னும் கீழ்ப் பின்னும் ஒரே மாதிரி இருக்காது, ஒன்றில் ரப்பர் வளையம் இருக்கும். இரண்டையும் சேர்த்துத் துடைத்து வைத்துவிட்டு இடம் மாற்றி மாட்டினால், ஒன்று ஆடும், அல்லது இறுகும். எதிர்ப் பக்கத்தைப் பார்த்துச் சரிசெய்யுங்கள். பின்னுக்குப் பூச பிரேக்குக்கென்று விற்கும் சிலிகோன் கிரீஸ் வேண்டும். சாதாரண கிரீஸ் ரப்பர் உறையை உப்ப வைக்கும். சில வாரம் கழித்துப் பின் நகராமல் நின்று, ஒரு பக்கப் பேட் மட்டும் தேயும். அந்தச் சத்தம் வரும்போது வேலை செய்ததே மறந்துபோயிருக்கும்.

முன்னே போய்விட்டுப் பின்னே எடுத்து முதல் பிரேக் பிடிக்கும்போது ஒரே ஒரு "டக்" கேட்டால், பேட் தன் இடத்துக்குள் நகர்ந்து உட்காருகிறது. மெல்லியதாக இருந்தால் விட்டுவிடலாம். காலடியில் அடிப்பது போல இருந்தால் பிராக்கெட் போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள், இன்றே.

கீச்சொலி வேறு கதை. புதுப் பேடும் பழைய டிஸ்க்கும் ஒன்றோடொன்று இழைய முதல் 200, 300 கிலோமீட்டர் ஆகலாம். பேட் பெட்டியில் குறிப்பு இருந்தால் அதன்படி இழையுங்கள். இல்லையென்றால், காலியான சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை மிதமாகப் பிரேக் பிடித்துக் குறைப்பதை இடைவெளி விட்டு 8, 10 முறை செய்யுங்கள். முடிந்ததும் பெடலை அழுத்தியபடி நிற்காமல் உருளவிட்டு ஆறவிடுங்கள். சூட்டில் ஒரே இடத்தில் அழுத்தி நின்றால் அந்த இடத்தில் பேட் படிவு ஒட்டி, பிறகு பெடல் துடிக்கும்.

இழைத்த பிறகும் கீச்சொலி இருந்தால் தேய்மானம் காட்டும் சிறு நாக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். உள்பேடும் வெளிப்பேடும், அல்லது இடமும் வலமும் மாறியிருக்கலாம். பேட் முகத்தில் கிரீஸோ பிரேக் ஆயிலோ பட்டிருந்தால் பெட்ரோலில் கழுவிப் பயனில்லை, ஊறிவிடும். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே புதுசு போட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கையில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

பிரேக் தூசியை வாயாலோ காற்றுக்குழாயாலோ ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடையுங்கள்.

லிங்க் ராடு

நட் இறுகியது போலத் தெரியும், இறுகியிருக்காது. நட்டைத் திருப்பும்போது உள்ளே பந்துமுனையும் சேர்ந்து சுற்றுவதுதான் காரணம். தண்டின் நுனியில் ஆலன் சாவியோ மெல்லிய ஸ்பேனரோ வைத்துப் பிடித்துக்கொண்டுதான் இறுக்க வேண்டும். ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி மாட்டியிருந்தால் கம்பி முறுகிய நிலையில் இருந்திருக்கும். இரண்டு பக்கமும் ஒரே உயரத்துக்கு வந்தபின் இன்னொரு முறை சரிபாருங்கள்.

லோயர் ஆர்ம்

புதிதாகச் செய்பவர்கள் ஏறக்குறைய எல்லோரும் தவறும் இடம் இது. சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே புஷ் போல்ட்டை முழுக்க முறுக்கிவிடுவார்கள். அந்தப் புஷ்ஷில் ரப்பர் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியிருக்கிறது. போல்ட்டை இறுக்கிய நிலைதான் ரப்பருக்கு ஓய்வு நிலை. தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதுமே ரப்பர் முறுகிவிடும், ஓடும் ஒவ்வொரு நொடியும் முறுகியபடியே இருக்கும். முதலில் முனகும், சில மாதத்தில் கிழியும். பிறகு "புஷ் தரமில்லை" என்று கடைக்காரரோடு சண்டை போடுவார்கள்.

தீர்வு செலவில்லாதது. வண்டி தன் எடையில் நிற்கும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். சாய்தளம் இருந்தால் அதில் ஏற்றலாம். இல்லையென்றால் உடலை ஸ்டாண்டில் விட்டு, பால் ஜாயின்ட்டுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, ஸ்டாண்டிலிருந்து உடல் எழும்பப் பார்க்கும் வரை ஆர்மை உயர்த்துங்கள். அந்த நிலையில் புஷ் போல்ட்டைத் தளர்த்தி, ரப்பர் விடுபட்டதும் கையேட்டின் அளவுக்கு இறுக்குங்கள்.

பால் ஜாயின்ட் தண்டு, அது நுழையும் துளைக்குள் முழுக்க ஏறியிருக்க வேண்டும். பல வண்டிகளில் தண்டில் ஒரு பள்ளம் இருக்கும், குறுக்குப் போல்ட் அந்தப் பள்ளத்தின் வழியே போகும். போல்ட் தானாக நுழையாமல் சுத்தியல் கேட்டால், தண்டு இன்னும் ஏறவில்லை. அடித்து நுழைக்காதீர்கள். தண்டு கழன்றால் சக்கரம் வெளியே சாய்ந்துவிடும்.

ஆர்மை இறக்கும்போது சக்கரத்தை வெளியே இழுத்திருந்தால் டிரைவ் ஷாஃப்ட்டின் உள்மூட்டு இடம் பெயர்ந்திருக்கலாம். ரப்பர் உறை நசுங்கியோ கிரீஸ் கசிந்தோ இருக்கிறதா பாருங்கள். இந்த வேலைக்குப் பின் சக்கர அலைன்மென்ட் கட்டாயம்.

ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங்

ஸ்பிரிங்கின் நுனி, இருக்கையில் உள்ள படியில் உட்கார வேண்டும். உட்காரவில்லை என்றால் கழற்றித்தான் திருத்த முடியும். அழுத்தி வைத்த ஸ்பிரிங்கில் உயிர் போகும் அளவு விசை இருக்கிறது. சரியான கம்ப்ரசர் இல்லாமல் மேல் நட்டில் கை வைக்காதீர்கள், கடையில் கொடுங்கள்.

பானெட்டுக்குள்

ஏர் ஃபில்டர் மாற்றியபின் "உஸ்ஸ்" என்றால் பெட்டியின் கிளிப் ஒன்று மாட்டாமல் இருக்கும், அல்லது சின்ன ஹோஸ் கழன்றிருக்கும். நின்ற இடத்தில் இன்ஜின் வேகமும் கூடியிருந்தால் ஹோஸ்தான். ஸ்பார்க் பிளக் போட்டபின் "டப்டப்" என்று காற்று வெடித்தால் பிளக் முழுக்க இறுகவில்லை. இன்ஜின் ஆறியபின் இறுக்குங்கள். ஆயில் மாற்றியபின் 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் அடியில் படபடவென்று அடித்தால், அடித்தட்டின் கிளிப்புகளை எண்ணிப் பாருங்கள்.

பெல்ட் மாற்றியபின் கீச்சென்றால், ஓடும் பெல்ட்டின் வரிப்பக்கத்தில் எட்ட நின்று சில துளி தண்ணீர் தெளியுங்கள். சத்தம் சற்று நேரம் நின்றால் பெல்ட்டும் கப்பிகளும் ஒரே நேர்கோட்டில் இல்லை. கூடினால் பெல்ட் தளர்வு. சட்டைக்கை, துப்பட்டா, கைக்கயிறு எதுவும் பக்கத்தில் போகக் கூடாது.

8. திரும்பப் பிரிக்கும்போது

பட்டியலை மேலிருந்து கீழாகப் பாருங்கள்; முதலில் கழற்றியதுதான் கடைசியாக மாட்டியது. கடைசியாக மாட்டியதை முதலில் சோதிக்க வேண்டும், ஏனென்றால் அதை அடைய எதையும் கழற்ற வேண்டியதில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சரிசெய்து, அதே தெருவில் அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். பொறுமை போய் மூன்றைச் சேர்த்து முறுக்கிவிட்டால் சத்தம் போகலாம். ஆனால் எதனால் வந்தது என்பது தெரியாது, அடுத்த முறையும் அதே தவறு நடக்கும்.

அளவுக்கு முறுக்கிய ஒவ்வொரு போல்ட்டிலும், அதன் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு இழுங்கள். கோடு உடைந்து தெரிந்தால் போல்ட் நகர்ந்திருக்கிறது என்று டார்ச் அடித்தே சொல்லிவிடலாம். "இன்னும் கொஞ்சம் இறுக்கினால் நல்லது" என்று நினைக்காதீர்கள். மரை இழுபட்டால் சின்ன வேலை பெரிய வேலையாகும்.

9. உங்கள் வேலையால் வராத சத்தம்

சிலவற்றுக்கு உங்கள் வேலை காரணமே இல்லை. சக்கரங்களை முன்பின் மாற்றிப் போட்டிருந்தால், பின்னால் சீரில்லாமல் தேய்ந்த டயர் முன்னால் வந்து முனகும். இதைப் பேரிங் என்று நினைத்து மாற்றியவர்கள் உண்டு. திரும்ப இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஓசை இடம் மாறினால் டயர்தான்.

இன்னொன்று, சொந்தமாக வேலை செய்தபின் காது கூர்மையாகிவிடும். முன்பே இருந்த முனகல் அன்றுதான் கேட்கும். அடுத்த வேலைக்கு முன் அதே தெருவில் ஒருமுறை ஓட்டிப் போனில் பதிவு செய்து வையுங்கள். ஒப்பிட ஏதாவது இருக்கும்.

10. மெக்கானிக்கிடம் போனால்

என்ன செய்தீர்கள் என்பதை மறைக்காதீர்கள். "நானே பேட் மாத்தினேன், அதுக்கப்புறம் வருது" என்ற ஒரு வரி அவருடைய அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும். பட்டியலையும் பதிவையும் காட்டுங்கள். வண்டியை விட்டுவிட்டு வராமல், அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து அந்தச் சத்தம் வரும் வேகத்தில், வரும் மேட்டில் ஓட்டிக் காட்டுங்கள். அவர் எந்தச் சோதனையை முதலில் செய்கிறார் என்று கவனியுங்கள், கேளுங்கள். நான் கற்றதில் பாதி அப்படிக் கேட்டுக் கற்றதுதான்.

சத்தம் நின்ற பிறகு 50 முதல் 100 கிலோமீட்டர் ஓட்டி, வண்டி ஆறியதும் வீல் நட்டை மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவே இருந்த துரு, தூசி அமுங்கி நட் சற்றுத் தளர்ந்திருக்கலாம். பெயிண்ட் கோடுகளையும் அப்போதே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தேதியையும் கிலோமீட்டரையும் நோட்டில் அதே பட்டியலுக்குக் கீழே எழுதி வையுங்கள்.